மறுமணமும் முதல் வீடும்: தேதிகள் செய்கிற வேலை

வணக்கம் நேயர்களே. முதல் வீடு வாங்குகிறவர்களுக்குக் கனடிய மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாணமும் தருகிற வரிச் சலுகைகளைப் பற்றி வானொலியில் பலரும் பேசிக் கேட்டிருப்பீர்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்கிறவர்கள் சேர்ந்து வீடு வாங்கினால் இந்தச் சலுகைகள் கிடைக்குமா?

நான் கணக்காளராக வேலை செய்கிறேன். மறுமணம் செய்த தம்பதிகள் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் வீட்டை வாங்கிச் சாவியும் எடுத்த பிறகுதான். முன்பே கேட்கத் தயங்குகிறார்கள். இது இரண்டாவது கல்யாணம் என்று சொல்ல ஒரு கூச்சம். பழைய வீட்டைப் பற்றிப் பேசப் போனால் பழைய வாழ்க்கையையும் பேச வேண்டி வருமே என்ற பயம். அந்தக் கூச்சத்தை அவர்கள் மேல் ஏற்றி வைத்தது நம் சமூகம். அதற்கான விலையை அவர்கள் டொலரில் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

சரி, விடயத்துக்கு வருவோம்.

முதலில் வருமான வரியில் வருகிற ஹோம் பயர்ஸ் அமௌண்ட். இது 2009இல் வந்தது. அப்போது 5,000 டொலர் தொகைக்கு 15 வீதம், அதாவது 750 டொலர் வரிக் கழிவு. 2022 முதல் தொகை 10,000 ஆனது, கழிவு 1,500 ஆனது. ஆகக் குறைந்த வரிவீதம் இப்போது இறங்கியிருப்பதால் 2025இல் வாங்கியவருக்கு 1,450, 2026இல் வாங்குகிறவருக்கு 1,400. இது கட்ட வேண்டிய வரியில் கழிகிற பணம். வரியே இல்லாதவருக்குக் காசாக வராது. ஆனால் கணவன் மனைவி இருவரும் தகுதி உள்ளவர்கள் என்றால் யாருக்கு வரி அதிகமோ அவர் முழுவதையும் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம்.

யாருக்குத் தகுதி? வாழ்நாளில் ஒரு வீடும் வாங்கியிருக்கக் கூடாது என்று மத்திய அரசு கேட்பதில்லை. வாங்குகிற வருடத்திலும் அதற்கு முந்தைய நான்கு வருடங்களிலும் நீங்கள் உங்களுக்குச் சொந்தமான வேறு வீட்டில் குடியிருந்தீர்களா என்று கேட்கிறது. அதோடு, அந்தக் காலத்தில் உங்கள் துணைக்குச் சொந்தமான வீட்டில், அவருடைய துணையாக இருந்துகொண்டே, நீங்கள் குடியிருந்தீர்களா என்றும் கேட்கிறது. மறுமணம் செய்கிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது கேள்வியில்.

ஒன்ராறியோ மாகாணத்தின் விதி வேறு. வீடு வாங்கும்போது கட்டுகிற லாண்ட் ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸில் முதல் வீட்டுக்காரருக்கு 4,000 டொலர் வரை மாகாணம் விட்டுத்தரும். ரொறன்ரோ நகருக்குள் வாங்கினால் நகரசபையும் தன் வரியில் 4,475 வரை விட்டுத்தரும். நகருக்குள் இருக்கிற ஸ்காபரோவில் 7 லட்சம் டொலருக்கு ஒரு கொண்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாண வரி 10,475, நகர வரி இன்னொரு 10,475. மொத்தம் 20,950. இரண்டு சலுகையும் கிடைத்தால் அதில் 8,475 மிச்சம். நகருக்கு வெளியே மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற ஊர்களில் வாங்கினால் மாகாணத்தின் 4,000 மட்டும்தான்.

ஆனால் மாகாணத்துக்கு நான்கு வருடக் கணக்கெல்லாம் கிடையாது. உலகத்தில் எந்த மூலையிலும், எந்தக் காலத்திலும், உங்கள் பெயரில் ஒரு வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உரிமை இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பா சீதனமாக எழுதிவைத்த வீடு இதில் அடங்கும். பெற்றோர் சீவிய உரித்தை, அதாவது தாங்கள் இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு மகள் பெயருக்கு உறுதி (வீட்டுப் பத்திரம்) முடித்திருப்பார்கள். மகள் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியிருக்க மாட்டாள், அதைத் தன் வீடு என்று நினைத்தும் இருக்க மாட்டாள். இருந்தாலும் உறுதியில் அவள் பெயர் இருக்கிறது. இங்கே சட்டத்தரணி கேட்கும்போது அதைச் சொல்லத்தான் வேண்டும். மறைத்துச் சலுகை எடுத்துப் பின்னால் தெரியவந்தால் எடுத்த பணத்தோடு வட்டியும் கட்ட வேண்டி வரும். வீடில்லாத வெறுங்காணி என்றால் கதை வேறு. அந்த உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள்.

இனித் துணையின் வீடு. உங்கள் துணை, உங்கள் துணையாக இருக்கும் காலத்தில், ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது என்கிறது மாகாணம். கல்யாணத்துக்கு முன்பே விற்று முடித்திருந்தால் அந்தப் பழைய வீடு உங்கள் தகுதியைக் கெடுக்காது. நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தீர்களா இல்லையா என்பது மாகாணத்துக்குப் பொருட்டே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண், இதுவரை எங்கும் வீடு வாங்காதவர், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மெண்டில் வாடகைக்கு இருக்கிறார். அவர் மறுமணம் செய்யப்போகிறவருக்கு முதல் திருமணக் காலத்தில் வாங்கிய டவுன்ஹவுஸ் ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிட்டு இருவரும் சேர்ந்து புது வீடு வாங்குவதாகத் திட்டம்.

அந்த ஆண் வீட்டை முதலில் விற்று, அந்த விற்பனை குளோஸ் ஆகி, அதாவது வீடு முழுமையாகக் கைமாறி, பிறகு கல்யாணம் நடந்தால் பெண்ணுக்கு மத்திய அரசின் சலுகையும் உண்டு, மாகாணச் சலுகைக்கும் வழி திறந்திருக்கிறது. முதலில் கல்யாணம் நடந்து, அந்த வீட்டுக்குப் பெண் குடிபோகாமல் பேஸ்மெண்டிலேயே இருந்து, பிறகு வீடு விற்கப்பட்டால் மத்திய அரசின் சலுகை தப்பும், மாகாணச் சலுகை போய்விடும். கல்யாணமும் நடந்து, அந்த வீட்டில் ஆறு மாதம் குடியிருந்து, பிறகு விற்றால் இரண்டுமே போய்விடும். அதே இரண்டு பேர், அதே வீடுகள், அதே பணம். தேதிகளின் வரிசை மட்டும்தான் மாறியது.

கல்யாணத் தேதி என்று சொல்லும்போது கவனியுங்கள், தாலி கட்டுகிற நாளை நான் சொல்லவில்லை. நம்மில் பலர் எழுத்தை, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவை, முதலில் முடித்துவிட்டு, மண்டபம் கிடைக்கிற நேரத்தில், சில மாதம் கழித்துக்கூட, கோயில் கல்யாணத்தை வைப்பார்கள். சட்டத்துக்கு எழுத்து நாள்தான் கல்யாண நாள். வீடு விற்பனை இன்னும் குளோஸ் ஆகவில்லை என்றால் எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் துணையைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து அழைக்கிற அவசரம் இருந்தால் முடியாமல் போகலாம், அது வேறு. எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

எழுத்தே இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டம் துணையாக்கிவிடும். வருமான வரிக்குத் தொடர்ந்து 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தால் போதும், இருவருக்கும் பிள்ளை இருந்தால் அந்த 12 மாதமும் தேவையில்லை. ஒன்ராறியோவின் இந்த வரிக்கு மூன்று வருடம், அல்லது பிள்ளையோடு ஓரளவு நிலையான உறவு. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு வருடம் சேர்ந்து வாழும் இருவர் மத்திய அரசுக்குத் தம்பதி, மாகாணத்துக்கு இன்னும் தம்பதி இல்லை என்ற நிலையும் வரலாம்.

அப்புறம் சேமிப்புக் கணக்குகள். பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது, இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

எஃப்.எச்.எஸ்.ஏ. என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு 2023 ஏப்ரலில் வந்தது. வருடத்துக்கு 8,000, வாழ்நாளில் 40,000 டொலர் வரை போடலாம். போடும்போது வருமானத்தில் கழியும், வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை. இந்தக் கணக்கைத் திறக்கும் நேரத்தில், துணைக்குச் சொந்தமான வீட்டில் இந்த வருடமோ கடந்த நான்கு வருடங்களிலோ குடியிருந்தீர்களா என்று கேட்பார்கள். குடியிருந்தால் திறக்க முடியாது. ஆனால் பணத்தை எடுக்கும் நேரத்தில் துணையின் வீட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை, உங்கள் சொந்தப் பெயரில் இருந்த வீட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். இதன் பொருள் தெரிகிறதா? மறுமணம் செய்து துணையின் வீட்டுக்குக் குடிபோகப் போகிறவர், போவதற்கு முன்பே கணக்கைத் திறந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் வாழ்ந்தாலும் பணத்தை வரியில்லாமல் எடுத்துப் புது வீட்டுக்குப் போடலாம். இன்றைய என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கல்யாணம் பேசி முடித்த வாரத்திலேயே வங்கிக்குப் போய்த் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் இருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கும் திட்டம். 2024 ஏப்ரல் 16க்குப் பிறகு ஒருவர் 60,000 டொலர் வரை எடுக்கலாம், 15 வருடத்தில் திருப்பி வைக்க வேண்டும். இதற்கும் அந்த நான்கு வருடக் கணக்கு உண்டு. ஆனால் மணமுறிவு ஏற்பட்டவர்களுக்கு 2020 முதல் ஒரு தனி வழி இருக்கிறது. பணம் எடுக்கும் நேரத்தில் முன்னாள் துணையைப் பிரிந்து குறைந்தது 90 நாள் ஆகியிருக்க வேண்டும், அந்தப் பிரிவு அந்த வருடத்திலோ முந்தைய நான்கு வருடங்களிலோ தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் பழைய வீட்டில் சொந்தக்காரராக வாழ்ந்தவரும் எடுக்கலாம். பழைய வீட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மறுமணம் செய்தவர் கவனிக்க வேண்டிய இடம் எது என்றால், புதுத் துணைக்குச் சொந்தமான வீட்டில் அவரோடு குடியிருந்தால் இந்த வழி மூடிவிடும். இருவரும் வாடகை வீட்டில் இருந்தால் திறந்தே இருக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதல் கணவருடைய வீட்டில் பத்து வருடம் வாழ்ந்திருப்பீர்கள். சமையலறைக்கு நிறம் தெரிவு செய்ததுகூட நீங்களாக இருக்கலாம். ஆனால் வீட்டு உறுதியில் அவர் பெயர் மட்டும். இப்படிப்பட்ட பெண்கள் “எனக்கு ஏற்கெனவே வீடு இருந்தது, எனக்கு ஒன்றும் கிடைக்காது” என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆர்.ஆர்.எஸ்.பி. திட்டமும் எஃப்.எச்.எஸ்.ஏ.யும் கேட்பது இப்போதைய துணையின் வீட்டைப் பற்றி. முன்னாள் கணவர் பெயரில் மட்டும் இருந்த வீடு இந்த இரண்டுக்கும் தடை இல்லை. பத்து வருடம் உழைத்த வீட்டில் பெயரும் இல்லை, அதன் பிறகு சலுகையும் இல்லை என்று ஒருத்தி வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்காது. கேளுங்கள் அம்மா, கேட்பதற்குக் காசில்லை.

சட்டத்தரணியிடமோ கணக்காளரிடமோ போகும்போது இருவருடைய தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிரிந்த நாள், விவாகரத்து ஆணை வந்த நாள், பழைய வீடு குளோஸ் ஆன நாள், எழுத்து நாள், ஒரே கூரைக்குக் கீழே வந்த நாள், யார் யார் பெயரில் எங்கே என்ன உறுதி இருக்கிறது என்பது. அவர் முகத்தைப் பார்த்து எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் 4,000 டொலரை வீடு பதிவான நாளில் கேட்காமல் விட்டிருந்தால் 18 மாதத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், வீடு கைமாறி ஒன்பது மாதத்துக்குள் நீங்கள் அதில் குடிபோயிருக்க வேண்டும். வருமான வரிக் கழிவுக்குப் பத்து வருடம் பின்னோக்கிப் போய்த் திருத்தம் கேட்கலாம். 2019இல் மறுமணம் செய்து வீடு வாங்கி, தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவருக்கு அந்த 750 டொலர் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, 2029 முடியும் வரை.