எடின்பரோ முதல் ட்வீட்பேங்க் வரை: மீண்டு வந்த ஓர் இருப்புப்பாதை

அவையோருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்புறத்தில் 1969 சனவரியில் மூடப்பட்டு, 46 ஆண்டுகளுக்குப் பிறகு 2015 செப்டம்பரில் ஒரு பகுதி மட்டும் மீண்டும் திறக்கப்பட்ட இருப்புப்பாதையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மூடிய பாதைகளைக் கணக்கிட்டு மாளாது. மீண்டும் திறந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே இந்தப் பாதையின் கதையை அதன் நிலையங்கள் வழியாகச் சற்று நிதானமாகவே சொல்லப் போகிறேன். இதைப் படித்தும் நேரில் பார்த்தும் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்ததைவிட, தண்டவாளம் கிடந்த நிலத்தைக் காப்பாற்றாமல் விட்டதுதான் பெரிய இழப்பு என்பதே அது.

கதை நிலக்கரியில் தொடங்குகிறது. எடின்பரோ நகரத்துக்குத் தெற்கே இருந்த சுரங்கங்களிலிருந்து கரியைக் கொண்டுவருவதற்காக 1831இல் எடின்பரோ – டால்கீத் பாதை திறக்கப்பட்டது. அதில் வண்டிகளை இழுத்தவை குதிரைகள்தாம். வடபிரிட்டன் ரயில்வே என்னும் கம்பெனி 1845இல் அந்தப் பாதையை விலைக்கு வாங்கி, நீராவி எஞ்சின் ஓடுவதற்கு ஏற்றபடி மாற்றி, தெற்கு நோக்கி நீட்டியது. கம்பளி நெசவுக்குப் பேர்போன கலாஷீல்ஸ் நகரை 1849 தொடக்கத்திலும் ஹாயிக் நகரை அதே ஆண்டு நவம்பரிலும் பாதை எட்டியது. அங்கிருந்து மலைகளைக் கடந்து இங்கிலாந்தின் கார்லைலைச் சேர 1862 வரை ஆனது. மொத்த நீளம் 98 மைல். அந்த வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்த நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்டின் வேவர்லி நாவல்களை நினைவூட்டும் வகையில் ‘வேவர்லிப் பாதை’ என்ற பெயர் நிலைத்தது.

ரயில் ஓட்டுநருக்கு இது எளிய பாதையன்று. எடின்பரோவின் புறநகரைத் தாண்டியதும் 70 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் மைல்கணக்காக ஏற்றம் தொடரும். 880 அடி உயரத்தில் ஃபாலாஹில் உச்சியைத் தொட்ட பிறகுதான் எஞ்சின் மூச்சு வாங்க முடியும். ஹாயிக்குக்குத் தெற்கே இன்னும் கடுமை. விட்ரோப் உச்சி 1,006 அடி. அதை ஒட்டி 1,208 கஜம் நீளமான குகைப்பாதை. சுற்றிலும் ஆள் நடமாட்டமற்ற மேய்ச்சல் மலைகள். கரியும் ஆட்கூலியும் மிகுதியாக விழுங்கிய இந்தத் தெற்குப் பகுதியின் செலவுதான், பிற்காலத்தில் பாதை முழுவதையும் மூடச் சொன்னவர்களின் கையில் வாதமாக அமைந்தது.

1963இல் வெளிவந்த, பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை, பிரிட்டனில் வருவாய் தராத பாதைகளையும் நிலையங்களையும் பெருமளவில் மூடப் பரிந்துரைத்தது. வேவர்லிப் பாதையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 1968 சூலையில் போக்குவரத்து அமைச்சர் ரிச்சர்ட் மார்ஷ் மூடலுக்கு ஒப்புதல் அளித்தார். ஹாயிக்கைச் சேர்ந்த மேட்ஜ் எலியட் என்னும் பெண்மணி ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினார். 11,678 பேர் கையொப்பமிட்ட அந்த மனுவை, அவ்வாண்டு திசம்பரில் அவரே லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பிரதமர் இல்லத்தில் கொடுத்தார். பயன் விளையவில்லை.

1969 சனவரி 5ஆம் தேதி இரவு நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். இரவு 9.56க்கு எடின்பரோவிலிருந்து லண்டன் செயின்ட் பாங்கிராஸுக்குப் புறப்பட்ட படுக்கை வசதி ரயில்தான் அந்தப் பாதை நெடுக ஓடிய கடைசிப் பயணிகள் ரயில். தொகுதியின் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் அதில் பயணம் செய்தார். ஹாயிக் நிலையத்தில் மக்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கி வந்து ரயிலில் ஏற்றினார்கள். அது அமைச்சருக்கு முகவரியிட்ட சவப்பெட்டி. நள்ளிரவு கடந்து ரயில் நியூகாசில்டன் என்ற சிற்றூரை நெருங்கியபோது, லெவல் கிராசிங் கேட்டை ஊரார் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். கடுங்குளிரில் ஆணும் பெண்ணும் தண்டவாளத்தின் குறுக்கே நின்றார்கள். முன்னின்று நடத்தியவர் அவ்வூர்த் திருச்சபைப் போதகர் பிரைடன் மேபன். காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள், ஊரார் அசையவில்லை. இறுதியில் டேவிட் ஸ்டீல் வண்டியை விட்டு இறங்கி வந்து இரு தரப்பிடமும் பேசினார். போதகரை விடுவித்தால் வழிவிடுவதாக ஊரார் இசைந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத் தாமதத்துடன் ரயில் கார்லைல் போய்ச் சேர்ந்தது. தம் ஊர் வழியாக இனி எந்த ரயிலும் வராது என்று தெரிந்த மக்கள், வந்த கடைசி ரயிலைச் சிறிது நேரமேனும் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள் என்றே அந்த இரவை நான் புரிந்துகொள்கிறேன்.

அதன் பின் எல்லைப்புற மாவட்டம் முழுவதிலும் ஒரு ரயில் நிலையம்கூட மிஞ்சவில்லை. பாதையைத் தனியார் முயற்சியில் வாங்கி நடத்தும் திட்டம் கைகூடவில்லை. 1970களின் தொடக்கத்துக்குள் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஹாயிக்கில் டெவியட் ஆற்றின் மேலிருந்த ரயில் பாலம் இடிக்கப்பட்டது. நிலையம் நின்ற இடத்தில் இன்று நீச்சல்குளத்தோடு கூடிய உடற்பயிற்சி மையம் இருக்கிறது. அதே பாதையில் இருந்த மெல்ரோஸ் என்னும் ஊரில் பழைய நிலையக் கட்டடம் அழகு குலையாமல் நிற்கிறது. ஆனால் ரயில் ஓடிய தடத்தின் மேல் புறவழிச் சாலை ஓடுகிறது. எடின்பரோ நகரைச் சுற்றி அமைத்த புறவழிச் சாலையும் பழைய தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. சாலை போட்டவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இந்த நிலத்தை நாளைக்கென்று ஒதுக்கிவை என்று சொல்லும் கடமை எவருக்கும் தரப்படவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

மீட்பு முயற்சி 1999இல் வலுப்பெற்றது. எல்லைப்புற ரயிலுக்கான மக்கள் இயக்கம் அவ்வாண்டில் உருவானது; ஸ்காட்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். 2006இல் அந்த நாடாளுமன்றம் பாதையை மீண்டும் அமைப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதன் பிறகும் ஆண்டுகள் உருண்டோடி, 2012க்குப் பின்னரே முழுமூச்சான கட்டுமானம் நடந்தது. 30 மைல் புதுப் பாதை. 2012 விலைவாசிப்படி 29 கோடியே 40 லட்சம் பவுண்டு செலவு. எடின்பரோ புறவழிச் சாலைக்கு அடியில் ரயில் புகுந்து செல்ல ஒரு வழி கட்ட வேண்டியிருந்தது. தடம் காக்கப்பட்டிருந்தால் அந்தச் செலவே வந்திராது.

இனி நிலையங்களுக்கு வருகிறேன். ஷாஃபேர், எஸ்க்பேங்க், நியூட்டன்கிரேஞ்ச், கோர்பிரிட்ஜ், ஸ்டோ, கலாஷீல்ஸ், ட்வீட்பேங்க் என ஏழு புதிய நிலையங்கள். ஷாஃபேர் இனி எழ வேண்டிய ஒரு குடியிருப்பை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. நியூட்டன்கிரேஞ்ச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அங்கே 1981இல் மூடப்பட்ட லேடி விக்டோரியா சுரங்கம் இன்று தேசியச் சுரங்க அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த ஊரை அடைவதற்கு முன், தெற்கு எஸ்க் ஆற்றின் மேல் 23 வளைவுகள் கொண்ட பழைய பாலம் வருகிறது. குதிரை வண்டிகளுக்கு அடுத்த தலைமுறையில் எழுந்த அந்தப் பாலம், ரயிலே இல்லாத அரை நூற்றாண்டையும் தாங்கி நின்று, இன்றைக்கும் ரயிலைச் சுமக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த நிலையம் ஸ்டோ. முதலில் வரைந்த திட்டத்தில் அந்தச் சிற்றூருக்கு நிலையமே கிடையாது. ஊரார் விடாது வாதாடி, மசோதா ஆய்வில் இருந்தபோதே அதைச் சேர்க்கச் செய்தார்கள். பழைய நிலையக் கட்டடம் நடைமேடைக்குப் பக்கத்திலேயே பாழடைந்து கிடந்தது. ஊர் மக்களின் அறக்கட்டளை அதை மீட்டு உணவகமாக்கியது. நான் ஒரு காலை நேரத்தில் அங்கே இறங்கினேன். கருங்கல் சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, சன்னலோரம் ஒரு மேசை. பள்ளிப் பையோடு நின்ற இரண்டு பிள்ளைகள் எடின்பரோ ரயிலைத் தம் ஊர்ப் பேருந்தைப்போல வெகு இயல்பாக எதிர்பார்த்து நின்றார்கள். அவர்களின் பெற்றோர் அந்த வயதில் இருந்தபோது இங்கே முட்செடிதான் இருந்திருக்கும்.

ஸ்டோவுக்குத் தெற்கே பாதை கேலா வாட்டர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கிலேயே போகிறது. ஆறு வளைந்து வளைந்து ஓட, பாதை நேரே போக முயல, இரண்டும் திரும்பத் திரும்பக் குறுக்கிடுகின்றன. வலப்பக்கச் சன்னலில் தெரிந்த ஆறு, ஒரு சிறு பாலத்தின் தடதடப்புக்குப் பிறகு இடப்பக்கம் வந்துவிடுகிறது; நடுவே போஷேங்க் குகைப்பாதையின் இருட்டு வந்து போகிறது. கலாஷீல்ஸில் முன்பிருந்த பெரிய நிலையத்தின் இடம் வேறு கட்டடங்களுக்கும் சாலைக்கும் போய்விட்டதால், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே ஒரு நடைமேடைதான் கட்ட முடிந்தது. ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளுக்கெல்லாம் சரக்கேற்றி அனுப்பிய நகரத்துக்கு அது சிறிய இடம்தான்.

2015 செப்டம்பர் 6ஆம் தேதி பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, பிரிட்டனில் மிக நீண்ட காலம் ஆண்டவர் என்ற நிலையை எய்திய அதே நாளில், இரண்டாம் எலிசபெத் அரசியார் நீராவி ரயிலில் வந்து முறைப்படி திறந்துவைத்தார். மேட்ஜ் எலியட்டின் பெயர் ஒரு ரயில் எஞ்சினுக்குச் சூட்டப்பட்டது. ஆண்டுக்கு ஆறரை லட்சம் பயணங்கள் என்று திட்டமிட்டவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். முதல் ஆண்டில் 12 லட்சத்துக்கும் மேல் நடந்தன.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைப்பதற்காகப் பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடமாகவே போடப்பட்டது. எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல மூன்று இடங்களில் மட்டும், எல்லாம் சேர்த்து ஒன்பதரை மைல் நீளத்துக்கு, இரட்டைத் தடம் உண்டு. ஒரு ரயில் சில நிமிடம் பிந்தினால் எதிரில் வருவதும் காத்து நிற்கும். அந்தப் பிந்தல் அடுத்தடுத்த ரயில்களுக்கும் தொற்றும். புதிதாகக் கட்டிய சில பாலங்களும் ஒற்றைத் தடத்துக்கான அகலமே கொண்டவை. இரட்டையாக்க நினைக்கும் நாளில் அவற்றை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அன்று தடத்தைக் காக்காமல் விட்ட அதே சிக்கனம் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்பது என் வருத்தம்.

ட்வீட்பேங்க் பழைய பாதையில் இருந்த நிலையமன்று, முற்றிலும் புதியது. ட்வீட் ஆற்றின் பாலத்தைக் கடந்து ரயில் அங்கே போய் நிற்கிறது. மெல்ரோஸ் அங்கிருந்து நடந்து போகும் தூரம். ஹாயிக்கையும் நியூகாசில்டனையும் மறுபடி எட்டி, கார்லைல் வரை பாதையை நீட்ட வேண்டும் என்று மக்கள் இயக்கம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் போன அன்று நடைமேடையின் தெற்கு ஓரம் வரை நடந்து பார்த்தேன். தண்டவாளத்தின் நுனியில் தடுப்புக்கட்டை. அதற்கு அப்பால், மெல்ரோஸ் பக்கமாக, புல்லும் புதர்களும் அடர்ந்திருந்தன.