ஊறுகாய் பாட்டிலும் சித்தப்பா வேட்டியும்: வீட்டுச் சாமானை வெச்சு போட்டோ லைட்டிங்

[காட்சி: சமையலறை மேடையில் ஒரு ஊறுகாய் பாட்டில். போன் பிளாஷ் போட்டு எடுத்த படம், திரை முழுக்க.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க. பாட்டில்ல இருக்கிறது எங்க சித்தி போட்ட மாங்காய் ஊறுகாய். ஒரு துண்டு தொட்டுக்கிட்டா இன்னும் ரெண்டு கரண்டி தயிர்சாதம் கேக்கும். படத்துல எப்படி இருக்கு? கண்ணாடியில ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணைக் குத்துது. பின்னாடி சுவத்துல கன்னங்கரேல்னு ஒரு நிழல். ஊறுகாயைப் பார்த்தா செங்கல் பொடியைக் குழைச்ச மாதிரி இருக்கு. சித்தி இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட, தெரிஞ்சவங்க ஒருத்தங்க "பழைய சரக்கா அக்கா?"ன்னு கேட்டுட்டாங்க.

[காட்சி: அதே பாட்டில், புதிய வெளிச்சத்தில். எண்ணெய் மினுங்குகிறது.]

இது அதே பாட்டில். அதே போன். நடுவுல நான் செலவு பண்ணது 340 ரூபாய். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு, ஒயரோட ஒரு ஹோல்டர், நாலு பட்டர் பேப்பர், ஒரு கறுப்பு சார்ட், ரெண்டு தெர்மாகோல் அட்டை. அட்டைப்பெட்டி தெருமுனை மளிகைக் கடையில சும்மா கிடைச்சது. வேட்டி சித்தப்பாவோடது. அதுக்கு வருவோம்.

[காட்சி: மொட்டை மாடி. உச்சி வெயிலில் தரையில் விழும் கை நிழல்.]

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்குவோம். நிறைய பேர் "லைட் பத்தலை, இன்னும் பவரா வாங்கணும்"னு நினைக்கிறாங்க. வெயிலை விட பவரான லைட் ஏது? அந்த வெயில்ல ஒருத்தரை நிறுத்திப் படம் எடுங்க. கண்ணுக்குக் கீழ குழி விழும், மூக்கு நிழல் மீசை மாதிரி ஒட்டிக்கும். சூரியன் குறுக்களவுல பூமியைப் போல 109 மடங்கு. ஆனா 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இருபது அடி தூரத்துல எரியுற ஒரு எல்.ஈ.டி. பல்பு எவ்வளவு பெரிசாத் தெரியுமோ, நமக்குச் சூரியனும் ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியுது. சின்ன விளக்கு, கத்தியால வெட்டின மாதிரி நிழல்.

[காட்சி: அதே கை, அதே மாடி. மேகம் மூடிய வானம். நிழல் தேடினால்தான் தெரிகிறது.]

மேகம் வந்துச்சுன்னா? சூரியன் அங்கேயேதான் இருக்கு. ஆனா இப்ப நமக்கு வெளிச்சம் தர்றது மொத்த வானமும். எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்து நிழலுக்குள்ள எட்டிப் பார்க்குது. ஓரம் கரைஞ்சு போயிடுது.

நாம செய்யப்போற அத்தனையும் இந்த மேகம்தான். ஒரு குட்டி பல்பை, பாட்டில் இருக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா பெரிசாத் தெரியிற மாதிரி ஆக்கணும்.

[காட்சி: அட்டைப்பெட்டி, கத்தி, கம். கைகள் மட்டும்.]

பெட்டியோட ஒரு பக்கத்தை முழுசா வெட்டி எடுத்துடுங்க. உள்ளே நாலு சுவருக்கும் முதுகுக்கும் வெள்ளைத் தாள் ஒட்டுங்க. வெட்டின பக்கத்தைப் பட்டர் பேப்பரால மூடிடுங்க. அலுமினியம் பாயில் ஒட்டலாமேன்னு கேப்பீங்க. ஒட்டலாம், வெளிச்சம் கூடக் கிடைக்கும். ஆனா அது கண்ணாடி மாதிரி அங்கங்க திட்டுத் திட்டா அடிக்கும். ஒட்டியே ஆகணும்னா நல்லாக் கசக்கிட்டுப் பிரிச்சு ஒட்டுங்க.

இப்ப பல்பு. இங்கதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். பல்பை நேரா பட்டர் பேப்பரைப் பார்த்து வெச்சா, பேப்பர் நடுவுல ஒரு வட்டம் மட்டும் பளீர்னு எரியும், சுத்தி மங்கலா இருக்கும். ஒன்றரை அடிப் பெட்டி கட்டி என்ன பிரயோஜனம்? விளக்கு அந்த வட்டம் அளவுக்குத்தானே ஆச்சு. பல்பைத் திருப்புங்க. அது பெட்டியோட முதுகைப் பார்க்கட்டும். வெளிச்சம் வெள்ளைச் சுவத்துல பட்டு, சிதறி, திரும்பி வந்து பேப்பர் முழுக்க ஒரே சீரா நிறையும். வெளிச்சம் கொஞ்சம் குறையும்தான். பாட்டில் என்ன ஓடியா போகப்போகுது? போனை ஸ்டாண்ட்ல நிறுத்திட்டா மெதுவா எடுக்கலாம்.

[காட்சி: பெட்டியின் மேல்பக்கம் வெட்டிய காற்றுத் துளை.]

எல்.ஈ.டி. பல்பும் அடிப்பக்கம் சுடும். அதனால மேல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை விடுங்க. பழைய குண்டு பல்பு, ஹாலஜன் இந்தப் பக்கமே வேண்டாம். ஒரு தடவை 100 வாட் குண்டு பல்பை உள்ளே வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். பட்டர் பேப்பர் கருகின வாசனை வந்து ஓடினேன். இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா சமையலறைத் திரைச்சீலையும் சேர்ந்திருக்கும்.

[காட்சி: பாட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி. பின்னர் பெட்டியை ஆறடி தள்ளி வைக்கிறோம். நிழல் மாறுவதை அண்மையில் காட்டவும்.]

செஞ்ச பெட்டியைத் தள்ளி வெச்சா அத்தனை உழைப்பும் வீண். ஒரு அடியில இருக்கும்போது அது பாட்டிலுக்கு வானம். ஆறடி தள்ளினா மறுபடியும் பல்பு. நிழல் இறுகுது பாருங்க. படத்துல பெட்டி தெரிஞ்சுடுமோங்கிற எல்லை வரைக்கும் கிட்டக் கொண்டு வாங்க.

கிட்டக் கொண்டு வந்தா இன்னொரு லாபம். பின்னாடி இருக்கிற சுவர் தூரமா இருந்தா, அதுக்கு வெளிச்சம் போய்ச் சேராது. சுண்ணாம்பு அடிச்ச சுவர்கூடக் கறுப்பாத் தெரியும்.

[காட்சி: தெர்மாகோல் அட்டை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு சார்ட்.]

பெட்டிக்கு எதிர்ப் பக்கம் தெர்மாகோல். ஷூட்டிங் ஸ்பாட் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் தெர்மாகோலைத் தூக்கிக்கிட்டு நடிகர் முகத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பார். அதே வேலைதான், வெளிச்சத்தைத் திருப்பி நிழல் பக்கம் அனுப்புறது. பின்பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டிக்கோங்க. ஒட்டறதுக்கு பெவிகால் போதும். செருப்பு ஒட்டுற பசையைத் தொட்டுடாதீங்க, தெர்மாகோல் கரைஞ்சு குழி குழியா ஆயிடும். அப்புறம், மின்விசிறியை நிறுத்துங்க. என் தெர்மாகோல் பறந்து போய் விழுந்தது, சித்தி மூடி திறந்து வெச்சிருந்த பாட்டில் மேலதான்.

[காட்சி: பாட்டிலின் கண்ணாடி, மிக அண்மையில்.]

இப்ப பாட்டிலுக்கு வருவோம். கண்ணாடியைப் படம் எடுக்கிறதுன்னா, அதுல தெரியிற பிம்பத்தைப் படம் எடுக்கிறதுதான். உங்க விளக்கு என்ன வடிவமோ, அந்த வடிவம் அப்படியே அது மேல உக்காரும். பிளாஷ் அடிச்சா புள்ளி. பெட்டியை வெச்சா, இதோ, இடது ஓரத்துல மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை. இந்தப் பட்டைதான் "நான் உருண்டையான கண்ணாடி"ன்னு கண்ணுக்குச் சொல்லுது.

வலது ஓரம் பின்னணியோட கலந்து காணாமப் போகுது பாருங்க. அங்க வெள்ளை தெர்மாகோலைத் திருப்பிக் கறுப்புப் பக்கத்தைக் காட்டுங்க. மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு வந்து பாட்டிலுக்கு வரம்பு கட்டிடுச்சு. பித்தளைக் குத்துவிளக்குக்கும் இதே வைத்தியம். சுத்தி வெள்ளையா மூடிட்டா விளக்கு மொழுக்குனு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். ரெண்டு கறுப்புப் பட்டை காட்டினாத்தான் பித்தளை பித்தளையாகும்.

[காட்சி: கொடிக்கயிற்றில் தொங்கும் எட்டு முழ வேட்டி. பின்னால் ஜன்னல்.]

வேட்டி. ஊறுகாய், வடாம், அப்பளப்பூனு வரிசையா பரப்பி ஒரே படத்துல எடுக்கணும்னு சித்தி சொன்னாங்க. அதுக்கு ஒன்றரை அடிப் பெட்டி பத்தாது. வெயில் வர்ற ஜன்னல்ல ஒரு கயிறு கட்டி, வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். ஜன்னல் அளவுக்கு ஒரு மேகம், பத்து பைசா செலவில்லாம.

இது நம்ம கண்டுபிடிப்பு இல்லை. சத்யஜித் ரேயோட ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956-ல வந்த 'அபராஜிதோ' படத்துக்கு இதே மாதிரி ஒண்ணைத்தான் பண்ணார். காசியில இருக்கிற ஒரு வீட்டு முற்றம், மழைக்குப் பயந்து கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ள செட்டாப் போட்டிருந்தாங்க. முற்றத்துக்கு வானம் வேணுமே? செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேர்ந்து விளக்குகளை அதுமேல அடிச்சார். துணியில பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் முற்றத்துல வானத்து வெளிச்சமாவே விழுந்துச்சு.

[காட்சி: பாட்டில் கண்ணாடியில் மெல்லிய பச்சைக் கோடு.]

வேட்டியில ரெண்டு வம்பு இருக்கு. ஒண்ணு, கரை. இந்தப் பச்சைக் கோடு என்னன்னு அரை மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். வேட்டியோட கரை பாட்டில்ல பிரதிபலிக்குது! கரையை மேல மடிச்சு விட்டாச் சரி. இன்னொண்ணு, சொட்டு நீலம். நீலம் தூக்கலாப் போட்ட வேட்டி வழியா வர்ற வெளிச்சத்துல நீலம் ஏறியிருக்கும், ஊறுகாய் செத்துப் போகும். நீலம் போடாத பழைய துணி உத்தமம்.

நிறம்னதும் சொல்லணும். பல்பு வாங்கும்போது அட்டையில 6500 கெல்வின்னு இருந்தா அது நீல வெள்ளை, 2700னு இருந்தா மஞ்சள். ரெண்டையும் கலக்காதீங்க, வீட்டு டியூப்லைட்டையும் அணைச்சுடுங்க. சி.ஆர்.ஐ.னு ஒரு எண் இருக்கும், நிறங்களை அந்த பல்பு எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கிறதுக்கான அளவு. சாதாரண பல்புல 80 இருக்கும். அது அடர் சிவப்பைச் சரியாக் காட்டாது. முறுக்கு, வடாம், மண்பானைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மிளகாய்ச் சிவப்புக்கு? முதல் படத்துல பார்த்த செங்கல் பொடிக்குப் பாதிக் காரணம் பிளாஷ்னா, மீதி சமையலறை பல்புதான். 90க்கு மேல இருக்கிற பல்பு கிடைச்சா வாங்குங்க. இல்லைன்னா சிவப்புச் சாமானைப் பகல்ல ஜன்னல் ஓரத்துல எடுங்க, நான் ஆரம்பத்துல காட்டின ரெண்டாவது படம் அப்படித்தான் எடுத்தது. வலது பக்கத் தெர்மாகோல் மட்டும் பெட்டியோட காலத்துலேர்ந்து அப்படியே நின்னுது.

வீடியோ எடுத்தா திரையில கோடு கோடா ஓடும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். போன்ல புரோ மோடுக்குப் போய் ஷட்டரை நூத்துல ஒரு பங்கு விநாடியா வெச்சா அடங்கிடும்.

[காட்சி: சல்லடை. இலை நிழல் போல மேசையில் விழும் பொட்டுப் பொட்டான வெளிச்சம்.]

கடைசியா ஒரு விளையாட்டு. தென்னங்கீத்து நிழல்ல வெச்ச மாதிரி படம் வேணுமா? பெட்டியைக் கழட்டிடுங்க. வெறும் பல்பை அறையோட அந்தக் கோடிக்குக் கொண்டு போங்க, நடுவுல சல்லடையைப் பிடிங்க. இப்ப நமக்கு வேண்டியது குட்டி விளக்கு, தூரத்து விளக்கு. மேகத்தைக் கலைச்சாச்சு.

[காட்சி: வாசலில் சித்தப்பாவின் கை மட்டும், நீட்டியபடி.]

"ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். என் வேட்டி எங்கப்பா?"

"ஜன்னல்ல இருக்கு சித்தப்பா. இன்னும் வடாம் பாக்கி இருக்கு, ஒரு அரை மணி நேரம்."

"அதுல என்னடா மஞ்சளா ஒரு திட்டு?"

[காட்சி: பேசுபவர் கேமராவை அணைக்கக் கை நீட்டுகிறார். திரை இருள்கிறது.]