ஈனுலையைக் கட்டியவர், ஈனுலையை எதிர்த்தவர்: கிளவுஸ் டிரவுபெ

[திரையில்: ரைன் நதிக்கரையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா]

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, கால்கர் என்று ஒரு சிற்றூர். அங்கே அணுமின் நிலையத்துக்காக எழுப்பிய குளிர்விப்புக் கோபுரத்துக்குள் இன்று ராட்டினம் சுற்றுகிறது. கோபுரத்தின் வெளிச்சுவரில் பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். 700 கோடி ஜெர்மன் மார்க்குக்கு மேல் விழுங்கிய நிலையம் இது. ஒரு யூனிட் மின்சாரம்கூட இதிலிருந்து வெளியே போகவில்லை.

இந்த உலையை வடிவமைத்துக் கட்டும் நிறுவனத்தின் தலைமையில் 1976 வரை இருந்தவர் கிளவுஸ் டிரவுபெ. அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் அணுசக்தி எதிர்ப்பாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டிய பெயர்களில் ஒன்று அவருடையது. இடையில் என்ன நடந்தது என்று புரிய, முதலில் அவர் கட்டிய இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று தெரிய வேண்டும்.

[திரையில்: யுரேனியம் அணுவின் வரைபடம்]

பூமியில் தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. சாதாரண உலைக்கு இந்த இரண்டாவது ரகத்தால் பெரிய பயன் இல்லை. ஆனால் அதன் மேல் ஒரு நியூட்ரான் மோதி ஒட்டிக்கொண்டால், சில நாட்களில் அது புளூட்டோனியம்-239 ஆக மாறும். அது நல்ல எரிபொருள். எரிக்கிற எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருளை விளைவிக்கிற உலை, அதாவது ஈனுலை. 1960-களில் இது அட்சயபாத்திரம் போலத் தெரிந்ததில் வியப்பில்லை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. ஈனுலைக்கு வேகமான நியூட்ரான்கள் தேவை. தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் உலையின் சூட்டை எடுத்துச் செல்லத் தண்ணீருக்குப் பதிலாக உருகிய சோடியத்தை ஓட விடுகிறார்கள். சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகும், சுமார் 883 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் கொடுக்காமலேயே அதிகச் சூட்டைத் தாங்கும். பொறியாளருக்கு இது வரம்.

ஆனால் அதே சோடியம் காற்று பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனை வெளியேற்றி வெடிக்கும். கண்ணாடி போலத் தெளிவானதும் அல்ல. உலைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. உலை ஓடாத நாளிலும் குழாய்களை மின்சாரத்தால் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கட்டியாக உறைந்துவிடும். உலை மையத்தின் வழியே போகும் சோடியம் கதிர்வீச்சு ஏறி வருவதால், அதை நேராகத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைக்க முடியாது. நடுவில் இன்னொரு சோடியச் சுற்று தேவை. அதற்கு அப்புறம்தான் தண்ணீர், நீராவி, டர்பைன். சாதாரண உலையில் இல்லாத ஒரு முழுச் சுற்று, அதற்கான பம்புகள், வெப்பமாற்றிகள், கசிவு கண்டறியும் கருவிகள். செலவு எங்கே ஏறியது என்று கேட்பவர்களுக்குப் பதிலின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

இதைவிடச் சங்கடமானது ஒன்று உண்டு. சாதாரண நீர் உலையில் தண்ணீர் கொதித்து ஆவியானால் அணுப்பிளவு தானாகவே தணியும். பெரிய சோடிய உலையின் மையப் பகுதியில் சோடியம் கொதித்துக் குமிழி விட்டால் நேர்மாறாக நடக்கலாம்: பிளவு வேகம் கூடும். அதனால் உருகி விழும் எரிபொருளைத் தாங்கிப் பிடிக்க, கால்கரில் உலைக் கலத்துக்கு அடியிலேயே ஒரு தனி அமைப்பைக் கட்டினார்கள்.

[திரையில்: கால்கர் கட்டுமானத் தளம், 1970-கள்]

எஸ்.என்.ஆர்-300 என்று பெயர். மின்திறன் சுமார் 300 மெகாவாட். மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து பணம் போட்டன. 1973-இல் கட்டுமானம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையும் இதே சோடியக் குடும்பம்தான், உள் அமைப்பு மட்டும் வேறு.

டிரவுபெ 1928-இல் ஹானோவரில் பிறந்தவர். தந்தை யூதர், ஆகவே நாஜி ஆட்சியில் கழிந்த இளமை எளிதாக இருந்திருக்க முடியாது. இயந்திரப் பொறியியல் படித்து, ஏ.ஈ.ஜி. நிறுவனத்தின் அணு உலைப் பிரிவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்து, 1972-இல் கொலோன் அருகே இருந்த இன்டர்ஆட்டம் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார். தொழிலின் உச்சம். கால்கர் அவர் பொறுப்பில் வந்தது.

[திரையில்: வீட்டின் தரைப்படம், சிவப்புப் புள்ளி]

1975 டிசம்பரில் வியன்னாவில் ஓபெக் நாடுகளின் கூட்டத்துக்குள் ஆயுதக் குழு ஒன்று புகுந்து எண்ணெய் அமைச்சர்களைப் பிணையாகப் பிடித்தது. குழுவில் இருந்த ஜெர்மானியர்களில் ஒருவர் ஹான்ஸ்-யோவாகிம் கிளைன். அவரை டிரவுபெ தன் நட்பு வட்டத்தின் வழியாக ஏற்கெனவே சந்தித்திருந்தார். உள்நாட்டு உளவுத்துறைக்கு அது போதுமானதாக இருந்தது. 1976 ஜனவரித் தொடக்கத்தில் அவருடைய வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து ஒட்டுக்கேட்புக் கருவி வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவு எதுவும் கிடையாது. கருவியில் குற்றம் எதுவும் சிக்கவும் இல்லை. ஆனால் உளவுத்துறை நிறுவனத்தின் காதில் விஷயத்தைப் போட்டது, டிரவுபெ வேலையை இழந்தார்.

அரசு ஏன் இவ்வளவு பதறியது? சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில், 8 கிலோ புளூட்டோனியம் ஓர் அணுகுண்டுக்குப் போதுமான அளவு. ஈனுலை என்பது புளூட்டோனியத்தைப் போட்டு ஓட்டி, புளூட்டோனியத்தையே எடுக்கிற ஆலை. அதன் கதவுகளும் குழாய்களும் யாருக்கு மனப்பாடமோ, அவருடைய வீட்டுக்கு ஆயுதக் குழுக்காரர் வந்து போனார் என்றால் உளவுத்துறையின் கண்ணுக்கு ஒரே ஒரு படம்தான் தெரியும். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தவறு என்று சொல்ல வேண்டியது, அப்படி யோசிக்க வைக்கிற பொருளை ஊர் ஊராகக் கொண்டு வரும் திட்டத்தைத்தான்.

1977 பிப்ரவரி இறுதியில் டெர் ஷ்பீகல் வார இதழ் இந்த விவகாரத்தை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. உள்துறை அமைச்சர் வெர்னர் மைஹோஃபர், சட்டப் பேராசிரியரும் தாராளவாதியுமாகப் பெயர் வாங்கியவர், அவசரநிலை என்று காரணம் சொல்லி நடவடிக்கையை நியாயப்படுத்தினார். சில வாரங்களில் டிரவுபெ மீது சந்தேகம் இல்லை என்றும் அவரே சொல்ல வேண்டி வந்தது. 1978 ஜூனில் மைஹோஃபர் பதவி விலகியதற்கு இந்த விவகாரத்தோடு இன்னொரு காரணமும் உண்டு: 1977 செப்டம்பரில் ஆயுதக் குழு ஒன்று தொழிலதிபர் ஷ்லையரைக் கடத்திய வழக்கில் போலீஸ் செய்த தவறுகள்.

அதே 1977 செப்டம்பர் 24 அன்று கால்கரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஷ்லையர் கடத்தப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. வழி நெடுக பேருந்துகளையும் ரயில்களையும் நிறுத்தி போலீஸ் சோதனை போட்டது. அணு உலையை எதிர்க்கப் போனவரும் குண்டு வைக்கப் போனவரும் ஒரே தடுப்பில் நிற்க வேண்டியிருந்தது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று, கால்கர் உலையை எதிர்த்த வழக்கில் மத்திய அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முழுமையான பாதுகாப்பை எந்தச் சட்டமும் கேட்க முடியாது, மிச்சமிருக்கும் ஆபத்தைக் குடிமக்கள் எல்லோரும் சுமக்க வேண்டியதுதான், ஈனுலை வேண்டுமா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்பது சாரம். வழக்கு தோற்றது போலத் தெரியும். ஆனால் பந்து அரசியல்வாதிகளின் மைதானத்துக்குப் போனதுதான் உலைக்குச் சாவுமணி ஆயிற்று. 1985-இல் கட்டுமானம் முடிந்தது. உரிமம் தர வேண்டிய மாநில அரசு தரவில்லை. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து. எரிபொருள் ஏறாத உலையில் சோடியத்தை மட்டும் உருகிய நிலையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். 1991 மார்ச் 21 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

[திரையில்: மின் நிலையம், பக்கத்தில் வீடுகள், இடையே குழாய்]

டிரவுபெ வெறும் எதிர்ப்போடு நிற்கவில்லை. பிரேமன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில் அவருடைய கவனம் மின்-வெப்ப இணை உற்பத்தி. கணக்கு எளிது. அணுமின் நிலையத்தில் 100 பங்கு வெப்பம் பிறந்தால் சுமார் 33 பங்கு மின்சாரமாகிறது. மீதி ஆற்றிலும் காற்றிலும் போகிறது. அதே நேரம் ஜெர்மன் வீடுகள் குளிர்காலத்தில் தனியாக எண்ணெயும் எரிவாயுவும் எரித்துச் சூடேற்றிக்கொள்கின்றன. ஊருக்குள் சிறிய எரிவாயு நிலையம் வைத்து, மின்சாரம் எடுத்தபின் எஞ்சும் வெப்பத்தைச் சுடுநீர்க் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பினால், எரிபொருளின் 80 முதல் 90 சதவீதம் வரை பயனாகும்.

இது கெட்டுப்போகிற இடங்களும் உண்டு. சுடுநீரை மின்சாரம் போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்ப முடியாது. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் குழாய்ச் செலவே கழுத்தை நெரிக்கும். கோடையில் வெப்பத்தை வாங்க ஆள் இல்லை. அதனால் குளிர்கால உச்சத் தேவைக்கு ஏற்ப இயந்திரம் வாங்கினால் ஆண்டின் பாதி அது சும்மா கிடக்கும். ஆண்டு முழுக்க இருக்கும் அடிப்படைத் தேவைக்கு இயந்திரம், உச்ச நாட்களுக்குத் தனி கொதிகலன் என்று பிரிப்பதுதான் சரியான வழி. மிக முக்கியம்: இந்த ஏற்பாட்டில் நிலையம் ஊராட்சியின் கையில் இருக்கும், வாசலில் ஆயுதக் காவல் தேவையில்லை.

இணை உற்பத்திக்கு ஆதரவு தரும் சட்டம் 2002-இல் ஜெர்மனியில் வந்தது. டிரவுபெ 2016-இல் 88 வயதில் காலமானபோது நாட்டில் 8 அணு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி மூன்றும் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.