புல்லட்டை விடப் பவர் குறைந்த குட்டி யானை: பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

(திரையில்: முழு லோடோடு மேடு ஏறும் டாடா ஏஸ். அதை முந்திப் போகும் ஒரு புல்லட்.)

லோடு ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறதே இந்தக் குட்டி யானை, இதன் இன்ஜின் பவர் 16 ஹெச்பி. அதை முந்திக்கொண்டு போகிற புல்லட் 350-க்கு 20 ஹெச்பி. ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள். முக்கால் டன் சரக்கு தூக்கும் வண்டியை விட, டீக்கடைக்குப் போய்வரும் பைக்குக்குப் பவர் அதிகம். ஆனால் பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் தரகரிடம் முதலில் கேட்பது என்ன? "அண்ணே, இன்ஜின் இழுவை எப்படி?" அவரும் "மலையே ஏறும் தம்பி" என்பார். ஏறும், அதில் சந்தேகமே வேண்டாம். இறங்கும்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்த வீடியோ அதைப் பற்றித்தான், கடைசி வரை பாருங்கள், நடுவில் கியர் பாக்ஸ் சத்தம் கேட்கும் ஒரு வித்தை இருக்கிறது, அதற்காகவே ஒரு லைக் போடலாம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். டாடா ஏஸ் வந்தது 2005-ல், 702 சிசி, 2 சிலிண்டர், 4 கியர். ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது, 1.5 லிட்டர், 3 சிலிண்டர், 58 ஹெச்பி. பொலேரோ பிக்கப்பின் பழைய 2.5 லிட்டர் இன்ஜின் 63 ஹெச்பி. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுவது இந்த மூன்றும்தான், அதனால் இவற்றை வைத்தே பேசுகிறேன். இசூசு வி-கிராஸ் பிக்கப் கேட்கிறவர்களே, அது தனி வீடியோ, கமெண்டில் திட்டாதீர்கள்.

சரி, எனக்குப் பிடித்த கட்டத்துக்கு வருவோம்.

(திரையில்: கேடிஎம் 390 டியூக், பக்கத்தில் டாடா ஏஸ்)

ஹெச்பியை விடுங்கள், டார்க்தான், அதாவது சுழற்றும் விசைதான் முக்கியம் என்று சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஏஸ் இன்ஜினின் டார்க் 38 நியூட்டன் மீட்டர். பழைய கேடிஎம் 390 டியூக் பைக்கின் டார்க் சுமார் 37. அட, கிட்டத்தட்ட ஒன்றுதான்! பவரில் டியூக் 43 ஹெச்பி, ஏஸை விட இரண்டரை மடங்கு. அப்படியென்றால் டியூக்கின் பின்னால் முக்கால் டன் வெங்காயத்தைக் கட்டி இழுக்கலாமா? கணக்குப்படி சரியான கியர் அமைத்துக் கொடுத்தால் அந்த இன்ஜினும் இழுக்கும், ஏஸை விட வேகமாகவே இழுக்கும், ஆனால் நாள் முழுக்க 7000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டே இழுக்கும், கோயம்பேடு போய்ச் சேருவதற்குள் டிரைவருக்குக் காது போய்விடும். ஏஸ் அதே டார்க்கை 2000 ஆர்பிஎம்மில் தருகிறது. அங்கிருந்து சக்கரத்துக்குப் போவதற்குள் கியர் பாக்ஸும் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் அதைப் பல மடங்காகப் பெருக்கிவிடுகின்றன. சும்மா ஒரு கணக்குக்கு, முதல் கியர் 5 மடங்கு, கிரவுன் 4 மடங்கு என்று வைத்தால், 38 என்பது சக்கரத்தில் 760 ஆகிறது. அந்த 760-ஐயும் தாங்குவது கியர் பல்லும் பேரிங்கும்தான், இன்ஜின் பார்த்தது வெறும் 38. ஓவர்லோடு ஏற்றி நசுக்கிய வண்டியில் இன்ஜின் சிரித்துக்கொண்டு நிற்கும், கியர் பாக்ஸ் அழும். முந்தின ஓனர் வண்டியை என்ன பாடு படுத்தினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்னொரு கணக்கு, இதையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வண்டி, சரக்கு, டிரைவர், கிளீனர் எல்லாம் சேர்த்து 3 டன். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் மேடு, நம் மலைப்பாதையில் சாதாரணம். இதில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, கியர் பாக்ஸில் வீணாவதையும் சேர்த்து 30 ஹெச்பி இருந்தால் போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 60 ஹெச்பி வேண்டும். பொலேரோ பிக்கப்பிடம் 63 இருக்கிறது. இன்ஜின் தேய்ந்து கால்வாசி பவர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், என்ன ஆகும்? 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவீர்கள். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அவர் உங்களை முந்த முடியாது. பவர் குறைந்தால் தாமதம், அவ்வளவுதான்.

கியர் நழுவினால்? திம்பம் மலைப்பாதையில் 27 வளைவு, லோடோடு இறங்குகிறீர்கள், இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. திடீரென்று லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளுகிறது. இனிமேல் மொத்த எடையும் பிரேக் மேல்தான், அது சூடேறி மங்கினால் கதை முடிந்தது. அதனால் என் கட்சி இதுதான்: இழுவை குறைந்த வண்டியை விலை பேசி வாங்கலாம், கியர் நழுவும் வண்டிக்கு டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் கூலியையும் சாமானையும் விலையில் கழிக்க ஒப்புக்கொள்கிற தரகர் கிடைத்தால் வேறு விஷயம், அப்படி ஒருவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது கியரில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுங்கள், திரும்பச் சட்டென்று மிதியுங்கள். ஒவ்வொரு கியரிலும் இதைச் செய்யுங்கள். லீவர் ஆடினால், துள்ளினால், உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, அல்லது கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் வெறும் மவுண்டிங் ரப்பராகவும் இருக்கலாம், அதை மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துச் சொல்வார். மேலிருந்து கீழ் கியர் மாற்றும்போது, முக்கியமாக இரண்டாவதில், "கரக்" என்றால், கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது லேசாக வந்து பிறகு மறைந்தால் மன்னிக்கலாம். சூடான பிறகும் வந்தால் மன்னிக்க வேண்டாம்.

இப்போது அந்த வித்தை.

(ஒலி: இன்ஜின் ஐடிலிங்)

வண்டி நிற்கிறது, நியூட்ரல், இன்ஜின் ஓடுகிறது. "உய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? கிளட்சை முழுசாக மிதியுங்கள். சத்தம் நின்றால் கியர் பாக்ஸ் உள்ளே, இன்ஜின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். ஏனென்றால் கிளட்சை மிதித்ததும் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடும். மாறாக, சும்மா இருந்த வண்டி கிளட்சை மிதித்ததும் சத்தம் போட ஆரம்பித்தால், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முதலாவது பெரிய செலவு. இரண்டாவது சின்ன சாமான்தான், ஆனாலும் கியர் பாக்ஸைக் கீழே இறக்கினால்தான் மாற்ற முடியும், இறக்கியதோடு கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஒரு பைசா செலவில்லாமல், ஒரு கால் மட்டும் வைத்துச் செய்யும் சோதனை இது. இதைச் சொல்லிக் கொடுத்ததற்காவது சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் ஐயா!

இந்தச் சத்தங்களை அமுக்க, விற்கிறவர்களில் சிலர் கியர் பாக்ஸில் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பார்கள். குளிரில் எல்லாம் அமைதியாக இருக்கும். அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஆயில் சூடேறி இளகும், குட்டு வெளிப்படும். அப்படியே கியர் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, விரல் விட்டு ஒரு சொட்டு எடுத்து வெயிலில் தேய்த்துப் பாருங்கள். தங்கத்தூள் மாதிரி மின்னினால் பித்தளை, சிங்க்ரோ கரைந்து வருகிறது. கையில் நெருடுகிற எஃகுத் துணுக்கு என்றால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. மாவு போல மிருதுவாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், ஓடின வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். பின்னால் போய் ஸ்பிரிங் கட்டையும் எண்ணுங்கள், கம்பெனி கொடுத்ததை விட எக்ஸ்ட்ரா பட்டை ஏற்றியிருந்தால் ஓவர்லோடு ஓட்டின வண்டி, "வீட்டுச் சாமான் மட்டும்தான் ஏற்றினோம்" என்பது பொய்.

இழுவை பக்கம் வருவோம். இழுக்காத வண்டிக்கெல்லாம் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாதிப் பேர் ஏமாறுவது கிளட்சில். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகின வாடை வருகிறது என்றால் அது கிளட்ச் ஸ்லிப், இன்ஜின் மேல் பழி போடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டையும் நீங்களே தீர்த்துவிடுவீர்கள்.

அடுத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவில் இருந்து வருகிற ஹோஸில் கிழிசல். இவையெல்லாம் சில்லறைச் செலவு, ஆனால் விலை பேசும்போது மட்டும் பெரிய நோய் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பொலேரோ பிக்கப்பின் 195 நியூட்டன் மீட்டரும் 1400-லிருந்து 2200 ஆர்பிஎம்முக்குள் வந்துவிடும். 63 ஹெச்பி வருகிற 3200-ல் டார்க் 140-க்கு இறங்கிவிடுகிறது, பவரை ஆர்பிஎம்மால் வகுத்துக் கணக்குப் போட்டால் தெரியும். அதனால் அலறவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. லேசான மேட்டில், மூன்றாவது கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து மிதியுங்கள். திணறாமல் பிடித்து இழுத்தால் டர்போ உயிரோடு இருக்கிறது. கருப்புப் புகை தள்ளினால் காற்று போதவில்லை அல்லது இன்ஜெக்டர். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கிறதா, அதுதான் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிகிறது, உண்மையிலேயே இன்ஜின் வேலை. அதற்குப் பெரிய தொகையைக் கழியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் இன்னொரு தலைவலி. பல டீசல் பிக்கப்புகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அது தானாகக் கரியை எரித்துச் சுத்தமாக, வண்டி நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே தண்ணீர் கேன் போட்டுச் சுற்றின வண்டிக்கு அது அடைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். பார்ப்பதற்கு இன்ஜின் செத்தது போலவே இருக்கும். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் பிஎஸ்6 வாங்காதீர்கள். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்த வண்டி என்றால் நன்றாகவே இழுக்கும், வாங்கிய பிறகு எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது நீங்கள்தான் இழுபடுவீர்கள்.

பேப்பர் விஷயம் ஒரே வரியில்: ஃபைனான்ஸ் பாக்கி, இன்ஷூரன்ஸ், வரி பாருங்கள், 8 வயது தாண்டின லோடு வண்டிக்கு எஃப்சி வருடா வருடம்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலி வண்டியை ஓட்டிவிட்டு "ஜம்முன்னு போகுது" என்று அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், காலியாகப் போனால் எல்லா வண்டியும் ஜம்முன்னுதான் போகும். பத்துச் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் அரை டன், ஒரு மேடு, ஒரு இறக்கம் போதும். லோடு ஏற்ற விடமாட்டேன் என்கிற தரகரிடம் ஏன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன காரணம் சொன்னார் என்று கமெண்டில் போடுங்கள், நல்ல சாக்குகளை எல்லாம் தொகுத்து அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.