ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்

(சேலம் அம்மாப்பேட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். தெருமுனைத் தட்டுவடை செட் கடையைத் தாண்டித்தான் உள்ளே வந்தேன். அதைத் தின்னாதீர்கள் என்று நான் சொன்னால் சேலத்தில் எவரும் கேட்கப் போவதில்லை, நானும் விடப் போவதில்லை. ஆனால் தின்று முடித்ததும் கடைவாய்ப்பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் மாவு அப்பியிருக்கும். வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் ஒரு முறுக்கு, அப்புறம் ஒரு டீ, ஒரு மிட்டாய் என்று போனால் எச்சில் என்னதான் செய்யும்? எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் முக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வயதுவாக்கில், பால்பற்கள் வரிசைக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சொத்தையோடு கூட்டி வருகிற அம்மா, “பால்பல்தானே டாக்டர், விழுந்துடும்” என்பார். விழாதுங்க. ஆயுசுக்கும் அதுதான். பாதி முளைத்த நிலையில் மற்ற பற்களைவிடத் தாழ்ந்திருக்கும், பிரஷ் எட்டாது, பள்ளமும் ஆழம். பிரஷைக் குறுக்காக வைத்து நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பள்ளத்தை மூட ஒரு பூச்சு உண்டு. ஊசி கிடையாது, வலிக்காது.

கைக்குழந்தையை வாயில் பால் பாட்டிலோடு தூங்கவிடாதீர்கள். மூன்று வயதுவரை அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது கம்பெனிக்கு நல்லது!

கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரலாம். அதற்காகத் துலக்குவதை நிறுத்தக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஈறையும் பாருங்கள். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வராது, சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது.

தாத்தா பாட்டியின் பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வலி இல்லையே என்று விடாதீர்கள்.

கையில் டார்ச் இருக்கிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை மேடைப் பக்கம் அனுப்புங்கள். அந்தப் பல் வந்துவிட்டதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.