மருந்தும் பூஞ்சணமும் ஒரே தொட்டியில்

பெரியவர்களுக்கும், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் அக்காமாருக்கும், மரக்கறி செய்யும் தம்பிமாருக்கும் வணக்கம்.

2021 மே மாதம் அரசாங்கத்தார் இரசாயன உரமும் மருந்தும் கூடாது என்றார்கள். நவம்பரில், சரி, கொண்டுவரலாம் என்றார்கள். இடையில் மலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து ஒரு பக்கம் மருந்துக் கட்சி, மறுபக்கம் இயற்கைக் கட்சி. பூச்சிமருந்தையும், பூச்சியைக் கொல்லும் பூஞ்சணத்தையும் ஒன்றாக வேலை வாங்க முடியுமா என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. முடியும். ஆனால் நம் மலையில் அதற்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூச்சியைக் கொல்லும் பூஞ்சணம் நமக்குப் புதிதல்ல. 1905இல் பேராதனைக்கு வந்த தொம் பெட்ச், பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரானவர், பூச்சிகளின் உடலில் வளரும் பூஞ்சணங்களைத் தேடித் தேடி எழுதியவர். இன்று போத்தலில் வருபவை பெரும்பாலும் இரண்டு: வெள்ளையாகப் பூக்கும் பியுவேரியா, பச்சையாகப் பூக்கும் மெட்டாரைசியம்.

வயிற்றுக்குள் போய்த்தான் கொல்ல வேண்டும் என்ற அவசியம் இவற்றுக்கு இல்லை. பூஞ்சணத்தின் விதை மாதிரியான, தூள் போன்ற வித்தி பூச்சியின் தோலில் ஒட்டுகிறது. ஈரம் கிடைத்தால் முளைக்கிறது. முளை தோலைக் கரைக்கும் நொதியைச் சுரந்து, அழுத்தித் துளைத்து உள்ளே இறங்குகிறது. இரத்தத்தில் பெருகுகிறது. சில நாட்களில் பூச்சி சாகும். ஈரம் இருந்தால் கால் மூட்டுகளிலும் உடல் மடிப்புகளிலும் பஞ்சு மாதிரி வெளியே வரும். செத்த புழு ஒன்றை ஈரப் பஞ்சோடு போத்தலில் போட்டு மூடி, நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். அழுகி நீர் விட்டால் வேறு காரணம். காய்ந்து விறைத்து, மேலே மாவு பூத்தால் பூஞ்சணத்தின் வேலை.

இவ்வளவு கெட்டிக்காரப் பூஞ்சணம் இருக்கும்போது மருந்து எதற்கு? நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். இந்தப் பூஞ்சணங்களுக்கு 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் நல்ல வேகம். நுவரெலியாவின் சராசரியோ 16 பாகை. முளைக்கவே நேரம் எடுக்கும். அதற்குள் புழு சட்டையை உரித்துவிட்டால், ஒட்டிய வித்தியும் சட்டையோடு போய்விடும். பூஞ்சணம் வரும்வரை புழு சும்மா இருக்குமா? கோவா இலையை ஓட்டை ஓட்டையாக்கிவிடும்.

இங்கேதான் கொஞ்சம் மருந்து உதவுகிறது. கொல்ல அல்ல, தடுமாற வைக்க. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டின் புழுவுக்குக் குறைந்த அளவு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தையும் பியுவேரியாவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகக் கொன்றதைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் செத்தன. காரணம் எளிது: மருந்து பட்ட புழு சரியாகத் தின்பதில்லை, தின்னாத புழு சட்டை உரிக்கத் தாமதிக்கிறது, வித்திக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த வண்டு நம் நாட்டில் இல்லை, ஆனால் கணக்கு நமக்கும் பொருந்தக்கூடியதுதான். கறையான் கதை இன்னும் வேடிக்கை. கறையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், வித்தி தங்காது. அதே மருந்து கொஞ்சம் பட்டதும் அந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது.

மருந்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு நம் மலையிலேயே பாடம் இருக்கிறது. தேயிலை இலையைச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி அடக்கியும் வைத்தது. 1950களில் கொப்பைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது, குளவியும் போயிற்று, டோர்ட்ரிக்ஸ் திரும்பப் பெருகிற்று. கோவாவின் வைர முதுகு அந்துப்பூச்சியோ 1953இலேயே ஜாவாவில் டிடிடி பூச்சிமருந்துக்குப் பழகி, அதில் சாகாமல் போன இனம். அதனிடம் இன்னும் கூடுதலாக மருந்து ஊற்றி ஜெயிக்க முடியாது.

சரி, இடைஞ்சலுக்கு வருவோம். பூஞ்சணத்துக்குப் பிடித்த பனியும் ஈரமும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் பிடிக்கும்; அதுவும் ஒரு பூஞ்சணத்தால் வருவதுதான். 1946இல் அந்த நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து மழைக்காலத்தில் செம்பு மருந்து அடிக்காமல் தேயிலை இல்லை. உருளைக்கிழங்குக்கு மான்கோசெப். இரண்டும் பங்கசுநாசினி, அதாவது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து; நோய்ப் பங்கசு, நல்ல பங்கசு என்று அவை பிரித்துப் பார்க்காது. பூச்சிமருந்தோடு சேர்க்கலாமா என்று பயப்படுகிறவர்கள், நேற்று மான்கோசெப் கலந்த அதே தொட்டியில் பூஞ்சணத்தைக் கரைப்பதைப் பார்த்திருக்கிறேன். அடியில் தங்கிய மஞ்சள் கசடே போதும், காசு கொடுத்து வாங்கியது வீண். தொட்டி, குழாய், முனை எல்லாவற்றையும் கழுவ வேண்டும்; முடிந்தால் தனித் தொட்டி.

பூச்சிமருந்திலும் எல்லாம் ஒன்றல்ல. தண்ணீரில் பால் மாதிரி வெளுக்கும் எண்ணெய் மருந்துகளில் சில நேரம் மருந்தைவிட அதன் கரைப்பான்தான் வித்தியைக் கெடுக்கிறது. அதனால் பெயரைக் கேட்டுக் கலக்காதீர்கள்; இந்தப் போத்தலோடு இது சேருமா என்று விவசாய உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கலந்ததை இரவு வைத்திருந்து மறுநாள் அடிப்பதும் வேண்டாம். வெயில் வித்தியைக் கொல்லும், ஆகவே பின்னேரம் அடியுங்கள். இமிடாகுளோபிரிட் தேனீக்கு ஆகாது. போஞ்சி பூத்திருக்கும் நேரம் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். இலையில் வாராவாரம் செம்பு படும் மழைக்காலத் தேயிலையில் அல்ல. லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தியில், மண்ணுக்குள் தொடங்குங்கள். வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவுக்கு மெட்டாரைசியத்தை எருவோடு கலந்து போடலாம். மண்ணுக்குள் வெயில் இல்லை, ஈரம் உண்டு, இலைக்கு அடிக்கும் பங்கசுநாசினியும் அவ்வளவாக இறங்காது.

இன்னொன்று. மருந்துக் கடையில் யாராவது, பூஞ்சணம் இல்லாமலே பாதி அளவு மருந்து அடித்தால் போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். பாதி அளவு மட்டும் அடிப்பது பூச்சிக்குப் பயிற்சி கொடுப்பது. அப்புறம், பூஞ்சணம்தானே என்று முகமூடி இல்லாமல் அடிக்க வேண்டாம். அந்தத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கூடவே மருந்தும் இருக்கிறது. தோட்ட வேலையாக அடிக்கிறவர்களுக்கு முகமூடியும் கையுறையும் தோட்டம்தான் தர வேண்டும். அடுத்த முறை தொட்டியைத் தோளில் மாட்டுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.