பாறை அசைபோட்டது

நேயர்களுக்கு வணக்கம். நியூசிலாந்தின் தென்தீவில், தெற்கு ஆல்ப்ஸ் மலைகளில் வரையாடு வேட்டைக்குப் போகிற தமிழன் நான். நம் நீலகிரி வரையாட்டின் மேல் கைவைத்தால் சிறைதான். இங்கே கதை வேறு. 1904இல் அவொராக்கி மலைப்பக்கம் வேட்டைக்கென்றே கொண்டுவந்து விடப்பட்டது இமயமலை வரையாடு. அடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாததால் பெருகி, மலைப்புல்லை மொட்டையடித்தது. 1993இல் வகுத்த திட்டம் அதன் எண்ணிக்கைக்கு 10,000 என்று வரம்பு கட்டியது. துப்பாக்கி உரிமமும் அனுமதிச் சீட்டும் உள்ளவர் சுடலாம்.

புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒற்றைக்குழல் கண்ணாடியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் எதை வாங்கலாம்? முதலில் டிரைபாட் வாங்குங்கள் என்பேன். முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான்.

என் முதல் பருவம். கையில் 10x42 பைனாகுலர். முழங்காலில் முழங்கையை ஊன்றி, எதிர்ச்சரிவை ஒரு மணிநேரம் சலித்தேன். பாறை, டஸ்ஸக் புல், மறுபடி பாறை. உடன் வந்த நண்பர் பேசாமல் என் பைனாகுலரை வாங்கித் தம் டிரைபாடில் திருகிவிட்டு, "இப்போது பாருங்கள்" என்றார். நான் மூன்று முறை தாண்டிப்போன சாம்பல் பாறை ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிடரிமயிர் காற்றில் பறக்க, படுத்திருந்த கிடா.

காரணம் எளிது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, கையின் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். மலையேறி வந்தவனின் இதயத்துடிப்புகூடப் படத்தில் தெரியும். மொத்தக் காட்சியும் ஆடும்போது, ஒரு காது ஆடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரைபாட் எப்படி இருக்க வேண்டும்? நின்று பார்க்கும் உயரம் தேவையில்லை. நாம் பார்ப்பது தரையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில். கால்கள் அகல விரிந்து தாழ வேண்டும். நடுத்தண்டு கொண்ட டிரைபாட் என்றால் அதை உயர்த்தவே கூடாது. கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கார்பன் கால்களுக்கு விலை அதிகம். ஆனால் எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், உறைபனிக் காலையில் அலுமினியம்போல் விரலைக் கடிக்காது. தலைப்பகுதி பந்துபோல் எல்லாப் பக்கமும் சாய்வதைவிட, இடவலமாகவும் மேல்கீழாகவும் தனித்தனியே நகர்வது நல்லது. வயலை உழுவதுபோல் சால் சாலாகச் சரிவைப் பார்த்து முடிக்கலாம். காற்றுக்காகப் பையைக் கீழே தொங்கவிடுகிறீர்களா? அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும். ஊஞ்சலாடும் பை டிரைபாடையும் சேர்த்து ஆட்டும்.

இனி ஸ்பாட்டிங் ஸ்கோப். முன்பக்க வில்லை 85 மில்லிமீட்டர் அகலம் என்றால் அழகுதான். ஏறத்தாழ இரண்டு கிலோவை ஐந்து நாள் முதுகில் சுமப்பது நீங்கள். எனக்கு 65 போதும். அதில் 60 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்தியில் இருண்டுவிடும், நடுப்பகலிலோ கானல் அலையடிக்கும். முக்கால்வாசி நேரம் 30க்குக் கீழேதான் பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் காட்சி முழுதாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

ரைஃபிள் மேலிருக்கும் ஸ்கோப்பால் சரிவைத் தேடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், கோபம் வருகிறது. அங்கே அசைவது மனிதனாக இருந்தால், அவன் மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டுத்தானே அது மனிதன் என்று அறிகிறீர்கள்?

இரவில் டிரைபாடைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கியா என்ற மலைக்கிளிக்கு ரப்பர் என்றால் உயிர். என் டிரைபாடின் மூன்று பாதங்களில் ஒன்றுக்கு இன்றும் ரப்பர் இல்லை.